கையோடு வந்த கைப்பிடி: வாடகை வீட்டுக்கு வேண்டிய ஆங்கில ஃபிரேசல் வெர்ப்கள்

லண்டனுக்கோ லெஸ்டருக்கோ வேலைக்கு வந்து, அலுவலகத்தில் மணிக்கணக்கில் ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூட, வீட்டில் வெந்நீரும் ஹீட்டிங்கும் தரும் பாய்லர் மக்கர் பண்ணினால் வாடகை வீட்டு ஏஜென்டிடம் சொல்ல வார்த்தை கிடைக்காமல் தடுமாறுவதுண்டு. "தி பாய்லர் இஸ் மால்ஃபங்ஷனிங்" என்பார்கள். தப்பில்லை, புரியும். ஆனால் மறுமுனையிலிருந்து வரும் கேள்வி இப்படி இருக்கும்: "ஹேஸ் இட் பேக்ட் அப், ஆர் டஸ் இட் கீப் கட்டிங் அவுட்?" பேக், கட் இரண்டும் சின்ன வகுப்பிலேயே படித்த சொற்கள். அப், அவுட் அதற்கும் முன்னால் படித்தவை. சேர்த்துச் சொன்னால் மட்டும் ஒன்றும் பிடிபடுவதில்லை.

இந்தச் சேர்க்கைக்குத்தான் ஃபிரேசல் வெர்ப் என்று பெயர். ஒரு எளிய வினைச்சொல்லோடு அப், டவுன், ஆஃப், அவுட், ஓவர் போன்ற ஒரு குட்டிச்சொல் சேர்ந்து, இரண்டும் ஒரே வினையாக வேலை செய்யும். புதிய தொல்லையும் அல்ல இது. 1755இல் வெளியான தன் அகராதியின் முன்னுரையிலேயே, அயல்மொழிக்காரர்களை ஆங்கிலத்தில் மிக அதிகமாகத் திணறடிப்பது இதுதான் என்று சாமுவேல் ஜான்சன் எழுதிவிட்டார். அவர் காட்டிய உதாரணங்களில் 'கம் ஆஃப்', 'பிரேக் ஆஃப்', 'டேக் ஆஃப்' எல்லாம் உண்டு. சில அர்த்தங்கள் மட்டும் அந்தக் காலத்தவை.

தமிழர்களுக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். 'எடு' என்ற ஒரு சொல்லை நாம் படுத்தும் பாட்டைப் பாருங்கள். எடுத்து வை, எடுத்துக்கொள், எடுத்து விடு, எடுத்துப் போடு. வினை ஒன்றுதான். பின்னால் வரும் துணைவினைதான் பத்திரப்படுத்துவதா, சொந்தமாக்கிக்கொள்வதா, அகற்றுவதா என்று சொல்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை அப்பும் ஆஃபும் அவுட்டும் செய்கின்றன. ஒரே வேறுபாடு, நம் துணைவினை வினையை விட்டு அகலாது. அவர்களுடையது சில சமயம் எழுந்துபோய் வாக்கியத்தின் கடைசியில் உட்கார்ந்துகொள்ளும். அதைப் பிறகு பார்ப்போம்.

அகர வரிசையில் ஐந்நூறு ஃபிரேசல் வெர்ப்களை அடுக்கித் தரும் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்து பேச வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஒரு வீடு, அதில் கெட்டுப்போகக்கூடிய பொருள்கள், அவற்றைப் பற்றிப் பேச வேண்டிய ஒரு ஏஜென்ட் என்று எடுத்துக்கொண்டால் முப்பது நாற்பதிலேயே காரியம் முடிந்துவிடும்.

கழன்றதும் கழற்றியதும்

சமையலறை அலமாரியின் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது என்று வையுங்கள். உள்ளே திருகு பிடித்திருந்த மரத்தூள் பலகை பொடிந்துபோய்க் கிடக்கிறது. ஏஜென்டுக்கு என்ன எழுதுவது? "ஐ புரோக் தி ஹேண்டில்" என்று எழுதினால், நீங்கள் உடைத்தீர்கள் என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகும். "ஐ டுக் தி ஹேண்டில் ஆஃப்" என்றால் வேண்டுமென்றே கழற்றினீர்கள். நடந்தது இரண்டும் அல்ல. "தி ஹேண்டில் ஹேஸ் கம் ஆஃப்" என்பதுதான் நடந்தது. "இட் கேம் ஆஃப் இன் மை ஹேண்ட்" என்று சேர்த்துக்கொண்டால், சும்மா திறக்கப் போனபோது கையோடு வந்துவிட்டது என்ற முழுக் கதையும் அதில் அடங்கிவிடும். ஆங்கிலேயர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது.

கழன்றது, கழற்றினேன், உடைந்தது, உடைத்தேன், விழுந்தது, விழச் செய்தேன். தமிழ் இலக்கணத்தில் தன்வினை பிறவினை என்று நாம் பிரித்துப் படித்த அதே விஷயம். ஃபிரேசல் வெர்ப்களிலும் இப்படிச் சோடி சோடியாக உண்டு. ஷெல்ஃப் தானாகச் சரிந்தால் 'கேம் டவுன்'. நீங்கள் இறக்கினால் 'டுக் டவுன்'. வால்பேப்பர் தானாக உரிந்தால் 'பீலிங் ஆஃப்' அல்லது 'கமிங் அவே'. நீங்கள் உரித்தால் 'ஸ்ட்ரிப்ட் ஆஃப்'. கார்பெட் நாள்பட்டுத் தேய்ந்தால் 'வோர்ன் அவுட்'. பிடுங்கி எறிந்தால் 'ரிப்ட் அவுட்'. தானாக நடந்தவற்றில் 'கம்', 'கோ', 'ஃபால்', 'வேர்' போன்ற வினைகளே திரும்பத் திரும்ப வரும். பொய் சொல்ல வழிகாட்டுவதாக யாரும் நினைக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்ல வார்த்தை தெரியாமல், செய்யாததை ஒப்புக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

இதில் பண விஷயமும் இருக்கிறது. இங்கிலாந்தில் பொதுவான வாடகை ஒப்பந்தங்களில், கட்டடத்தின் அமைப்பும் வெளிப்புறமும், சாக்கடைக் குழாய்கள், வாஷ் பேசின், டாய்லெட், தண்ணீர், கேஸ், மின்சார இணைப்புகள், ஹீட்டிங், வெந்நீர் எல்லாவற்றையும் பழுதுபார்த்து வைப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. 1985ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் சட்டத்தின் 11ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் வீட்டுக்குள் ஒன்று பழுதாகியிருப்பது அவருக்குத் தெரிந்தால்தான் அந்தப் பொறுப்பு ஓடத் தொடங்கும். ஆகவே எழுத்தில் சொல்ல வேண்டும், தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. 1953இல் வாரன் எதிர் கீன் என்ற வழக்கில் நீதிபதி டென்னிங் குடியிருப்பவரின் கடமைகளைச் சின்னச் சின்னதாகச் சொன்னார். சன்னலைத் துடைக்க வேண்டும், விளக்கு ஃபியூஸ் போனால் சரிசெய்ய வேண்டும், தன் கழிவால் அடைத்துக்கொண்ட சிங்க்கைத் தானே சரிசெய்துகொள்ள வேண்டும். கவனியுங்கள், 'தன் கழிவால்'. "தி சிங்க் இஸ் பிளாக்ட் அப்" என்று மட்டும் சொன்னால், எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் ஊற்றி அடைத்தது நீங்கள்தானே என்று கேட்பார்கள். வெளிக்குழாயிலிருந்தே அழுக்குத் தண்ணீர் எதிர்த்து வந்தால் "வாட்டர் இஸ் கமிங் பேக் அப் த்ரூ தி பிளக்ஹோல்" என்று எழுதுங்கள். உங்கள் சிங்க்கைத் தாண்டிய கோளாறாக இருக்கலாம் என்று படிப்பவருக்கு அப்போதுதான் தோன்றும்.

பாய்லருக்கு எத்தனை நோய்

பாய்லர் ஓடவில்லை என்பதைத் தமிழில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது எப்படி ஓடவில்லை என்பதையும் வினை சொல்லிவிடும். 'பிரோக்கன் டவுன்' என்றால் பழுதாகி நின்றுவிட்டது. 'பேக்ட் அப்' என்றாலும் அதேதான், பேச்சு வழக்கு, கொஞ்சம் சலிப்பும் சேர்ந்தது. 'வோன்ட் கம் ஆன்' என்றால் சுவிட்சைப் போட்டும் எரியவே மாட்டேன் என்கிறது. 'கீப்ஸ் கட்டிங் அவுட்' என்றால் எரிகிறது, சற்று நேரத்தில் அணைகிறது, மறுபடியும் எரிகிறது. மெக்கானிக்குக்கு இவை நான்கும் ஒன்றல்ல. எதைத் தேடுவது என்பதே நீங்கள் சொல்லும் சொல்லைப் பொறுத்து மாறும்.

பாய்லரின் முகத்தில் ஒரு சிறு பிரஷர் மீட்டர் இருக்கும். பெரும்பாலான வீட்டு பாய்லர்களில், குளிர்ந்திருக்கும்போது முள் 1க்கும் 1.5 பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நடுவில் நிற்க வேண்டும். கீழே போனால் ஃபில்லிங் லூப் என்ற இணைப்பைத் திறந்து கொஞ்சம் தண்ணீர் ஏற்றுவதற்கு 'டாப் அப்' என்பார்கள். போனுக்கு டாப்-அப் போடுகிறோமே, அதே சொல்தான்: குறைந்ததை நிரப்புவது. இதைக் குடியிருப்பவர் செய்யலாம். பாய்லரின் மூடியைக் கழற்றி உள்ளே கை வைப்பது வேறு, அதற்கு கேஸ் சேஃப் என்ற கேஸ் மெக்கானிக்குகளின் பதிவேட்டில் உள்ளவர்தான் வர வேண்டும். இனி ஒரு மாதிரிச் செய்தி:

"ஹலோ, தி பாய்லர் கீப்ஸ் கட்டிங் அவுட். ஐ டாப்ட் இட் அப் யெஸ்டர்டே, பட் தி பிரஷர் ஹேஸ் கான் டவுன் அகெய்ன். குட் யூ சென்ட் சம்ஒன் ரவுண்ட், ப்ளீஸ்?"

மூன்றே வாக்கியம், நான்கு ஃபிரேசல் வெர்ப். நின்று நின்று போகிறது, நேற்று நிரப்பினேன், மறுபடியும் இறங்கிவிட்டது, ஆள் அனுப்புங்கள். நேற்று நிரப்பியது இன்று இறங்கியது என்றால் எங்கோ கசிவு இருக்கலாம் என்று படிப்பவர் ஊகித்துக்கொள்வார். 'மால்ஃபங்ஷன்' என்ற பெரிய சொல் இதில் எதையும் சொல்லியிருக்காது.

இங்கே ஒரு வேடிக்கை. ஹீட்டிங் 'வென்ட் ஆஃப்' என்றால் நின்றுபோனது. கரண்ட் 'வென்ட் ஆஃப்' என்றாலும் நின்றுபோனது. ஆனால் ஸ்மோக் அலாரம் 'வென்ட் ஆஃப்' என்றால் அலற ஆரம்பித்துவிட்டது என்று பொருள். "தி அலாரம் கீப்ஸ் கோயிங் ஆஃப்" என்று பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால், அலாரம் வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் தாளிக்கும் புகையில் அது விடாமல் கத்துகிறது என்று அவர் முறையிடுகிறார். பால் 'கான் ஆஃப்' என்றால் திரிந்துவிட்டது, அது வேறு கதை. ஒரே ஆஃப் ஏன் இப்படிப் பல முகம் காட்டுகிறது என்றால், இருந்த நிலையிலிருந்து சட்டென்று விடுபடுவது என்ற எண்ணம் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது. கைப்பிடி கதவிலிருந்து விடுபட்டது, அலாரம் மௌனத்திலிருந்து விடுபட்டது. இது இலக்கண விதி இல்லை, நினைவில் வைத்துக்கொள்ள ஒரு பிடிமானம் மட்டும்.

தண்ணீர், ஈரம், பூஞ்சை

தண்ணீர் விஷயத்தில் அவசரத்தின் அளவைச் சொல்வதுதான் முக்கியம். குழாய் சொட்டினால் 'டிரிப்பிங்', போதும். மாடியிலிருந்து கூரை வழியாகத் தண்ணீர் இறங்கினால் "வாட்டர் இஸ் கமிங் த்ரூ தி சீலிங்". இதைப் போனில் சொன்னால் மறுமுனையில் குரல் மாறும். முதல் அறிவுரை "டர்ன் இட் ஆஃப் அட் தி ஸ்டாப்காக்" என்று வரும். வீட்டுக்குத் தண்ணீர் வரும் முதன்மை வால்வுக்கு ஸ்டாப்காக் என்று பெயர், பெரும்பாலும் கிச்சன் சிங்க்குக்கு அடியில் இருக்கும். 'டர்ன் டவுன்' என்றால் குறைப்பது, 'டர்ன் ஆஃப்' என்றால் முழுக்க நிறுத்துவது. இந்த நேரத்தில் இரண்டையும் குழப்பினால் கீழ்வீட்டுக்காரரின் கூரையும் சேர்ந்து நனையும். பிறகு தரையை 'மாப் அப்' செய்து, சுவரை 'டிரை அவுட்' ஆக விடுவது.

லண்டனும் தென்கிழக்கு இங்கிலாந்தும் கடின நீர்ப் பகுதிகள். கெட்டிலிலும் ஷவர் தலையிலும் சுண்ணாம்பு படிவதை 'பில்ட் அப்' என்பார்கள். "லைம்ஸ்கேல் ஹேஸ் பில்ட் அப்." கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது எல்லாவற்றுக்கும் அதே சொல்தான், பூஞ்சைக்கும் சேர்த்து.

பூஞ்சையைப் பற்றிப் பேசும்போது 'பெயிண்ட் ஓவர்' என்ற சொல்லைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். ஒன்றின் மேல் பெயின்ட் அடித்து மறைப்பது. 'ஓவர்' என்பது மேலே போர்த்துவது, அடியில் இருப்பது அப்படியே இருக்கும். ராச்டேல் நகரில் சமூக வீட்டுவசதி ஃபிளாட் ஒன்றில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. நெடுநாள் பூஞ்சைச் சூழலில் வாழ்ந்ததால் வந்த சுவாசக் கோளாறுதான் காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். குழந்தையின் தந்தை முதலில் புகார் சொன்னபோது கிடைத்த பதில், மேலே பெயின்ட் அடித்துவிடுங்கள் என்பதுதான் என்று அந்த விசாரணையில் வெளிவந்தது. அவாப் பெயரால் அமைந்த சட்டம், ஈரமும் பூஞ்சையும் பற்றிய புகார்களைக் குறிப்பிட்ட காலத்துக்குள் கவனிக்கும்படி, இங்கிலாந்தின் சமூக வீட்டுவசதி நிறுவனங்களுக்கு 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே ஏஜென்ட் "ஜஸ்ட் பெயிண்ட் ஓவர் இட்" என்றால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. "ஐ ஹேவ் வைப்ட் இட் டவுன் பட் இட் கீப்ஸ் கமிங் பேக்" என்று எழுதுங்கள். துடைத்துப் பார்த்தேன், திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் பங்கைச் செய்துவிட்டீர்கள், பிரச்சினை சுவருக்குள் இருக்கலாம் என்ற இரண்டும் அதில் வந்துவிட்டன.

அப் ஏற்றும், டவுன் இறக்கும், சில சமயம்

வீட்டை அழகாக்கும் வேலைக்கு வந்தால் 'டூ அப்' என்ற சொல் தலைமை தாங்கும். ஒரு பழைய ஃபிளாட்டைப் பெயின்ட் அடித்து, கிச்சனை மாற்றி, பளிச்சென்று ஆக்குவது 'டூயிங் இட் அப்'. அமெரிக்கர்கள் 'ஃபிக்ஸ் அப்' என்பார்கள். ஷெல்ஃப், திரை, படம் மாட்டுவதற்கு 'புட் அப்'. புது கிச்சன் வைப்பதற்கு 'புட் இன்'. சுவரில் உள்ள ஓட்டையை அடைக்க 'ஃபில் இன்', சொரசொரப்பைத் தேய்த்து இறக்க 'சேண்ட் டவுன்', அங்கங்கே பெயின்ட் போன இடத்தில் மட்டும் தொட்டு அடிக்க 'டச் அப்'. இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள சுவரை உடைத்து ஒன்றாக்குவது 'நாக் த்ரூ', வாடகைக்காரர் கனவிலும் நினைக்க வேண்டாதது.

'புட் அப்' செய்வதற்கும் முதலில் அனுமதி கேட்டுவிடுவது நல்லது. பல ஒப்பந்தங்களில் ஆணி அடிக்கக்கூடத் தடை இருக்கும். "வுட் இட் பி ஓகே இஃப் ஐ புட் அப் எ ஷெல்ஃப்? ஐ வில் டேக் இட் டவுன் அண்ட் ஃபில் இன் தி ஹோல்ஸ் வென் ஐ மூவ் அவுட்." மாட்டலாமா, காலி பண்ணும்போது இறக்கி ஓட்டையையும் அடைத்துவிடுகிறேன். இப்படிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

அந்த வாக்கியத்தில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். 'புட் அப் எ ஷெல்ஃப்' என்று சேர்ந்து வந்தது, 'டேக் இட் டவுன்' என்று பிரிந்து வந்தது. முன்னால் சொன்ன எழுந்து போய் உட்காரும் பழக்கம் இதுதான். பொருளின் பெயரைச் சொன்னால் இரண்டும் சரி: 'புட் அப் தி ஷெல்ஃப்', 'புட் தி ஷெல்ஃப் அப்'. 'இட்', 'தெம்' என்று சுட்டுச்சொல் வந்தால் அது நடுவில்தான் நிற்க வேண்டும்: 'புட் இட் அப்'. 'புட் அப் இட்' என்று யாரும் சொல்வதில்லை, கேட்டதும் காது கூசும். நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது ஒன்றுதான். இதைச் சரிசெய்தாலே பாதி ஆங்கிலம் திருந்தியது போலத் தெரியும்.

பிரியாதவையும் சில உண்டு. 'லுக் இன்டு' பிரியாது, 'லுக் இன்டு இட்' என்றே வரும். மூன்று சொல் சேர்ந்து வருபவையும் பெரும்பாலும் பிரியாது. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது. "ஐ ஹேவ் புட் அப் வித் இட் ஃபார் எ மன்த்." ஒரு மாதமாகச் சகித்துக்கொண்டிருக்கிறேன். மாட்டுவதும் பொறுத்துக்கொள்வதும் ஒரே 'புட் அப்'பில் தொடங்குவதைப் பார்த்து மலைக்க வேண்டாம். 'வித்' வந்தால் பொறுமை, வராவிட்டால் ஷெல்ஃப்.

காதால் பிடிப்பதற்கு ஒரு வார்த்தை. தமிழில் மெய்யெழுத்தில் முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் சொல் சேர்ந்து ஒலிப்பதுபோல, இங்கும் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். 'சார்ட் இட் அவுட்' என்பது 'சார்ட்டிட்டவுட்' என்றுதான் வரும். 'கம் ஆஃப்' என்பது 'கமாஃப்'. தனித்தனியாகக் கேட்கக் காத்திருந்தால் ஏஜென்ட் போனை வைத்துவிட்டிருப்பார்.

ஏஜென்டின் பதில்களை அளப்பது

ஏஜென்ட் சொல்லும் ஃபிரேசல் வெர்ப்களுக்கு எடை வெவ்வேறு. "வி வில் சார்ட் இட் அவுட்" என்றால் முடித்துத் தருகிறோம் என்ற வாக்கு. "வி வில் லுக் இன்டு இட்" என்றால் விசாரிக்கிறோம், அவ்வளவுதான், செய்கிறோம் என்று இன்னும் சொல்லவில்லை. "வி வில் கெட் பேக் டு யூ" என்றால் பதில் சொல்கிறோம். என் அனுபவத்தில் இந்த மூன்றாவதைக் கேட்டால் தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது உத்தமம். பதில் வராவிட்டால் "ஜஸ்ட் சேஸிங் திஸ் அப்" என்று ஒரு வரி அனுப்பலாம். துரத்துவது என்று பொருள் இருந்தாலும் மரியாதையான வழக்குதான், யாரும் கோபிக்க மாட்டார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் "திஸ் ஹேஸ் பீன் புட் ஆஃப் ட்வைஸ்" என்று எழுதலாம். அது கொஞ்சம் உறைக்கும்.

'ரவுண்ட்' வந்தால் வீட்டுக்கு வருவது: கம் ரவுண்ட், சென்ட் ரவுண்ட், பாப் ரவுண்ட். கடைசியது சும்மா ஒரு எட்டு வந்து பார்ப்பது. ஆனால் வீட்டின் நிலையைப் பார்க்க வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்னரே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று அதே 11ஆம் பிரிவு சொல்கிறது. "ஐ வில் பாப் ரவுண்ட் இன் டென் மினிட்ஸ்" என்பதற்கு நீங்கள் தலையாட்டத் தேவையில்லை.

காலி செய்யும் நாளில் இவ்வளவும் ஒன்றாக வரும். மாட்டியதை டேக் டவுன், ஓட்டையை ஃபில் இன், பெயின்ட்டை டச் அப், அலமாரியை கிளியர் அவுட், சாவியை ஹேண்ட் பேக். இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் டெபாசிட்டாக ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பொதுவான வாடகை ஒப்பந்தங்களில் வாங்கிய 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். சாதாரணப் புழக்கத்தில் 'வோர்ன் அவுட்' ஆன கார்பெட்டுக்கு உங்களிடம் பணம் பிடிக்க முடியாது. அயர்ன் பாக்ஸ் வைத்துப் பொசுக்கிய கார்பெட்டுக்குப் பிடிக்கலாம்.

"வி வில் ஹேவ் டு டேக் 200 பவுண்ட்ஸ் ஆஃப் யுவர் டெபாசிட்" என்று வந்தால் பதறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "குட் யூ பிரேக் தட் டவுன் ஃபார் மீ, ப்ளீஸ்?" பாய்லரைப் பற்றிப் பேசும்போது பழுதாவது என்று வந்த அதே 'பிரேக் டவுன்'தான். கணக்கு விஷயத்தில் அதற்கு இனம் இனமாகப் பிரித்துக் காட்டு என்று பொருள். எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் வந்ததும், குடிவந்த நாளில் எடுத்த இன்வென்டரியோடும் (வீட்டுப் பொருள்களும் அவற்றின் நிலையும் எழுதிய பட்டியல்) புகைப்படங்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவராத இனங்களை மட்டும் குறிப்பிட்டு மறுத்து எழுதுங்கள். அதற்கும் மசியாவிட்டால் டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்தின் தகராறு தீர்க்கும் பிரிவுக்குக் கட்டணம் இல்லாமலே போகலாம்.